மேலிருந்து ஒன்பதாவது வளைவு

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். மாதச் சம்பளம், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, உனக்கென்ன குறை.

போனில் பேசலாம் என்றால், இங்கே சிக்னல் கிடைக்கப் பட்டறையை விட்டுப் பாறைமேல் ஏறி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அப்படி நின்று பேசினாலும் பிடிக்காத பேச்சு வந்தவுடன் நீ வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடுவதாக இருந்தாலும் பாதியாவது படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். அதனால் மலைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதில் எழுதினால் அவரிடமே கொடு. தபால்காரர் மலை ஏறுவதற்குள் எனக்கு நரைத்துவிடும்.

விஷயம் இதுதான். போன வாரம் ஒரு ஜீப் வந்தது. மூன்று கால் கருவியை நம் பட்டறைக்கு எதிரே நட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தார்கள். என்னவென்று கேட்டதற்கு, "சும்மா அளந்து பாக்குறோம்மா" என்றார்கள். சும்மா அளப்பதற்கு அரசாங்கம் ஜீப் கொடுக்குமா? அவர்கள் போன பிறகு டீக்கடைக்காரர் சொன்னார், புதிதாக நேர் சாலை வருகிறதாம். ஒரு பாலம், மலையைக் குடைந்து ஒரு வெட்டு, அவ்வளவுதான். இருபத்தொரு வளைவுக்கும் வேலை இல்லையாம்.

அதற்குமேல் பேருந்து ஓட்டுநர் ஒன்று சொன்னார். "உங்க தம்பிதாங்க அந்த ரோட்டோட கதைய எழுதுறாராம். ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க." என் கூடப் பிறந்தவன் என்ன செய்கிறான் என்பதை நான் பேருந்து ஓட்டுநர் வாயால் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். லாரி வராத இடத்தில் பட்டறை எதற்கு, கிரேன் எதற்கு, நான் எதற்கு? நம் வளைவு இருக்குமா, போகுமா? உனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுது.

என் வீட்டுக்காரர், உன் மாமா, இறந்த பத்தாம் நாள் நீ என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. "மாமாவ முழுங்குன எடத்துல என்னக்கா இருக்கு? வித்துட்டு எங்கூட வந்துடு." நானும் சும்மா இருக்கவில்லை, "வந்து? உன் வீட்டு பால்கனில நின்னு துணி காயப்போடவா?" என்றேன். நீ எழுந்து போய்விட்டாய். இரண்டு வருடம் ஆகிறது. நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அதை வேறு, இதை வேறு என்று வைத்துக்கொண்டு பதில் எழுது.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

ஓட்டுநர் சொன்னது பாதி உண்மை. நான் எதையும் தீர்மானிக்கிறவன் இல்லை. படம் வரைகிறவன். கோடு போடு என்றால் போடுவேன், அழி என்றால் அழிப்பேன். போன மாதம் பெரிய பொறியாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "நீ மலைக்காரன்தானே? இந்த ரோடு எப்படி வந்துச்சு, ஏன் இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுதுன்னு நாலு பக்கம் எழுதிக் குடு. மேல கேக்குறாங்க" என்றார். மலைக்காரன் என்றால் மலையின் பிறந்த தேதியும் தெரியும் என்று நினைத்துக்கொண்டார் போலும்.

புதிய சாலை வருவது உறுதி. உன்னிடம் மறைக்க முடியாது. ஆனால் அதில் ஒரு சலுகை இருக்கிறது. பழைய சாலையின் வளைவுகளில் ஒன்றே ஒன்றைப் புதிய சாலையோடு இணைத்து வைத்துக்கொள்ளலாம். லாரிகள் நின்று சூடு ஆற ஓர் இடம் வேண்டும் அல்லவா, அதற்காக. எந்த வளைவு என்பதைச் சாலையின் வரலாற்றைப் பார்த்து முடிவு செய்வார்கள். அந்த வரலாற்றைத்தான் நான் எழுத வேண்டும்.

இங்கேதான் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடி வராந்தாவில் இருக்கிற இரும்பு அலமாரிகளைத் திறந்தால் தும்மல்தான் முதலில் வருகிறது. ஒரு கோப்பில் சாலையை மூன்று வருடத்தில் போட்டதாக இருக்கிறது, இன்னொன்றில் ஏழு வருடம். ஒரு பழைய வரைபடத்தில் நம் வளைவே இல்லை. சாலை கீழேயிருந்து வந்து நிற்கிறது, கொஞ்சம் தள்ளி மேலே இன்னொரு சாலை தொடங்குகிறது, நடுவில் வெறும் காகிதம். அந்தப் படத்தின்படி உன் வீடு ஆகாயத்தில் தொங்குகிறது.

அங்கே யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்டு எழுது. உன் வளைவைக் காப்பாற்றிவிடுவேன் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. முயற்சி செய்கிறேன். உன் தம்பி என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்ளவும் மாட்டேன். சொன்னால், சொந்தக்காரிக்காக எழுதினான் என்று ஆகிவிடும்.

ஆனால் அக்கா, நீ அங்கேயே இருக்க வேண்டும் என்று உனக்கு நிஜமாகவே தோன்றுகிறதா?

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

உன்னுடைய "ஆனால்" என்ற சொல்லுக்குப் பதில் எழுதத் தொடங்கினால் இதுவும் சண்டையில் முடியும். முதலில் நீ சொன்ன வேலை.

டீக்கடைக்காரரைக் கேட்டேன். "இது மனுசன் போட்ட ரோடே இல்லம்மா, கழுத போட்டது. முதுகுல உப்பு மூட்டைய ஏத்தி முன்னால விட்டாங்க. அது எங்கெங்க மூச்சு வாங்க நின்னுச்சோ அங்கெல்லாம் ஒரு வளைவு" என்றார். சரி, நம் வளைவு மட்டும் ஏன் ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறுகிறது என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், "அது வேற கழுத" என்றார்.

வனக் காவலரைக் கேட்டேன். அந்த இடத்தில் ஒரு பெரிய மரம் இருந்ததாம். அதை வெட்ட மனம் வராமல் சுற்றிக்கொண்டு போனார்களாம். பிறகு வேறு யாரோ வந்து மரத்தை வெட்டிவிட்டார்கள், வளைவு மட்டும் நின்றுவிட்டது. "மரம் போச்சு, மரியாதை மட்டும் இருக்கு" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது, அதனால் எவ்வளவு நம்புவது என்று தெரியவில்லை.

ரோடு ரோலர் ஓட்டுகிறவர் சொன்னது வேறு. மேலேயிருந்து ஒரு கூட்டம், கீழேயிருந்து ஒரு கூட்டம், இரண்டு ஒப்பந்தக்காரர்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்களாம். இருவரும் சாலையைப் போட்டுக்கொண்டே வந்து சந்திக்க வேண்டிய இடத்தில் பார்த்தால், மேல் சாலை இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிறது. "கீழ இருக்கவன் மேல பாத்துத் திட்டுறான், மேல இருக்கவன் கீழ பாத்துத் திட்டுறான். அப்புறம் வேற வழியில்லாம ஒரு கோணல் வளைவப் போட்டு முடிச்சுப் போட்டுட்டாங்க. அதுதாம்மா நீங்க குடியிருக்குறது."

மூன்றையும் கேட்டுவிட்டு வெளியே வந்து வளைவைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க மூன்றுமே சரியாகத்தான் படுகிறது. எது நிஜம் என்று நீயே பிரித்துக்கொள். எனக்குத் தலை சுற்றுகிறது.

இப்போது உன் "ஆனால்". நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பட்டறை இருக்கிறது. இறங்குகிற லாரிகளுக்கு பிரேக் சூடாகிறது, கூப்பிடுகிறார்கள். எதுவாவது பள்ளத்தில் சாய்ந்துவிட்டால் கிரேனை எடுத்துக்கொண்டு போகிறேன். ஒன்பதாவது வளைவு கிரேன்காரம்மா என்றால் இந்தச் சாலையில் எந்த ஓட்டுநருக்கும் தெரியும். உன் ஊரில் நான் யார்? மூன்றாவது மாடி ஆபீஸ்காரருடைய அக்கா. அவ்வளவுதானே?

கோபத்தில் எழுதவில்லை. நிஜமாகத்தான் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

ரோலர் ஓட்டுகிறவருக்கு என் சார்பில் ஒரு டீ வாங்கிக் கொடு. அவர் சொன்னதுதான் நிஜம்!

அலமாரியின் அடித்தட்டில், எலி கடித்தது போக மீதியாக ஒரு வரைபடம் கிடைத்தது. மேல் கூட்டத்தார் வரைந்தது. ஏற்கெனவே கிடைத்த கீழ்க் கூட்டத்தின் படத்தை அதன் பக்கத்தில் வைத்து ஒட்டிப் பார்த்தேன். ஒட்டவே இல்லை. ஒன்றுக்கு மேலே ஒன்று போகிறது. ஒட்டாததுதான் அத்தாட்சி. பழைய வரைபடத்தில் நடுவில் வெறும் காகிதமாக இருந்ததற்கும் காரணம் இதுதான். முடிச்சுப் போடுவதற்கு முன்னால் வரைந்த படம் அது.

உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். கழுதைப் பாதை, அப்புறம் வண்டிப் பாதை, மேலே சுரங்கம் வந்த பிறகு அவசரமாகப் போட்ட லாரிச் சாலை, இரண்டு கூட்டம், அவர்களுடைய சண்டை, எல்லாவற்றையும் எழுதினேன். கழுதையையும் விடவில்லை. டீக்கடைக்காரர் சந்தோஷப்படட்டும். கடைசிப் பத்தியில், "இரு குழுவினரும் சந்தித்த ஒன்பதாம் வளைவே இச்சாலையின் வரலாற்றைத் தாங்கி நிற்பது. எனவே அதனை லாரி நிறுத்தமாகத் தக்கவைக்கலாம்" என்று முடித்தேன். எனக்கே என் தமிழைப் பார்த்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பெரிய பொறியாளர் கடைசிப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படித்தார். "பரவாயில்லையே, கத மாதிரி எழுதியிருக்க" என்றார். மேலே அனுப்பினார். நேற்று ஒப்புதல் வந்துவிட்டது, அக்கா. ஒன்பதாம் வளைவு இருக்கும். படம் போடுகிற வேலை பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறவர்களுக்குப் போயிருக்கிறது.

நீ அங்கே இருக்க வேண்டாம் என்று இன்னமும் எனக்குத் தோன்றுகிறது. அதை மறைக்கவில்லை. ஆனால் நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இனிமேலாவது என்னோடு பழையபடி பேசுவாயா?

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பேருந்து நிற்கும்போதே பிரித்துவிட்டேன். ஓட்டுநரும் பயணிகளும் என்னையே பார்த்தார்கள். "என்னம்மா, நல்ல செய்தியா?" என்று ஓட்டுநர் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

நன்றி என்று எழுதினால் நீ என்னைக் கிண்டல் செய்வாய். எழுதியாகிவிட்டது, செய்துகொள்.

எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். "எந்தம்பி காப்பாத்திட்டான்" என்றுதான் சொன்னேன். அலுவலகத்தில் நீ என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டாய், ஆனால் இங்கே உன்னைச் சொல்லிக்கொள்ள எனக்கு என்ன தடை? டீக்கடைக்காரர் கழுதை விஷயம் அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்டது என்று வருகிறவர் போகிறவர் எல்லாரையும் நிறுத்திச் சொல்கிறார்.

கிரேனுக்குப் புது இரும்புக் கயிறு வாங்கினேன். பெயர்ப்பலகைக்கு பெயிண்ட் அடித்தேன். பட்டறைக்குப் பின்னால் ஓட்டுநர்கள் படுக்க ஒரு கொட்டகை போடலாம் என்று பார்க்கிறேன்.

பழையபடி பேசுவேனா என்று கேட்டிருக்கிறாய். நான் எப்போது பேசாமல் இருந்தேன்? நீதான் எழுந்து போனாய். சரி, விடு. லீவு கிடைத்தால் வா.

அக்கா


ஏப்ரல் 22

தம்பிக்கு,

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ என்ன செய்து வைத்திருக்கிறாய்?

நேற்று ஜீப் வந்தது. சிவப்பு பெயிண்ட் அடித்த குச்சிகளை அடுக்கிக்கொண்டு வந்தார்கள். நான் டீ போட்டு வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். நம் வளைவில் நிற்காமல் போய்விட்டார்கள். திரும்பி வருவார்கள் என்று நினைத்தேன், வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கீழே, ஆள் நடமாட்டமே இல்லாத அந்த மொட்டைப் பாறை வளைவில் குச்சி நட்டுக்கொண்டிருக்கிறார்கள். குரங்குகூட உட்காராத இடம்.

"இங்க இல்லப்பா, மேல" என்றேன். "இல்லம்மா, இதுதான் ஒன்பது. பாருங்க" என்று வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். அந்தப் பாறை வளைவைச் சுற்றித்தான் வட்டம் போட்டிருக்கிறது. நம் வளைவின்மேல் இரண்டு குறுக்குக் கோடு. அப்புறப்படுத்தவேண்டிய பகுதி என்று எழுதியிருக்கிறது. ஓரத்தில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து.

உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? நான் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக் கொடுத்தது.

ஊர் முழுக்க, "எந்தம்பி காப்பாத்திட்டான்" என்று சொல்லிவிட்டு இன்று வெளியே தலை காட்ட முடியவில்லை. கொட்டகைக்கு வாங்கிய தகரம் வாசலில் கிடக்கிறது. என்னை வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே. காப்பாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு ஏன் இப்படிச் செய்தாய்?

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

படித்தவுடன் உட்கார்ந்துவிட்டேன். பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. பொறுத்துக்கொள்.

தவறு எங்கே நடந்தது என்று இப்போது தெரிகிறது. நம் ஊரில் எல்லாரும் மேலிருந்துதான் எண்ணுவோம். நீ, டீக்கடைக்காரர், ஓட்டுநர்கள், நான், எல்லாரும். சின்ன வயதில் பள்ளிக்கூடப் பேருந்தில் எனக்கு வாந்தி வரும் என்று, "வளைவ எண்ணிக்கிட்டே வாடா, வராது" என்று நீதான் பழக்கினாய். ஒன்று, இரண்டு என்று மேலிருந்து எண்ணி ஒன்பதுக்கு வருவதற்குள் வயிறு அடங்கிவிடும். அது என் வயிற்றிலேயே பதிந்துபோன கணக்கு. ஒன்பது என்று எழுதும்போது வேறு ஒன்பது ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

துறையில் கீழிருந்து எண்ணுகிறார்கள். சாலையின் தொடக்கக் கல் கீழேதானே இருக்கிறது. அவர்கள் கணக்கில் நம் வளைவு பதிமூன்று. அவர்களுடைய ஒன்பது அந்த மொட்டைப் பாறை. நான் எழுதிய நாலு பக்க வரலாற்றை யாரும் படிக்கவில்லை, அக்கா. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இதுவரை எழுதியது எல்லாம் உண்மைதான். ஆனால் கையெழுத்தைப் பற்றி நீ கேட்டிருக்கிறாய்.

பக்கத்துக் கட்டடத்திலிருந்து வரைபடம் சரிபார்க்க என் மேசைக்கு வந்தது. ஒரு முற்பகல் முழுக்க அங்கேதான் இருந்தது. நான் அதை விரித்தேன். வட்டத்தைப் பார்த்தேன். இருபது வருடமாகப் படம் வரைகிறவன். பேனா முனை அளவு கோடு தள்ளிப்போனாலும் என் கண்ணுக்குத் தெரியும். அந்த வட்டம் நம் இடத்தில் இல்லை என்று எனக்குத் தெரிந்ததா? தெரிந்திருக்க வேண்டும். ஏதோ இடறியது என்பது மட்டும் நினைவிருக்கிறது. என்ன இடறியது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகு கேன்டீனுக்குப் போய் வழக்கத்துக்கு மாறாக இரண்டு காபி குடித்தேன்.

நீ கீழே வந்துவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது பொய்யில்லை. அந்த இடத்தில் மாமா ஓட்டிய லாரி பள்ளத்தில் விழுந்த பிறகு, மலையிலிருந்து யார் போன் செய்தாலும் அடுத்து உன் பெயரைச் சொல்லப்போகிறார்கள் என்றே தோன்றும். அந்தப் பயம்தான் கையெழுத்துப் போட்டதா, இல்லை வேலை மும்முரத்தில் கவனிக்காமல் விட்டேனா? ஐந்து நாளாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலையில் தெரியாமல் செய்தேன் என்று தோன்றுகிறது. மாலையில் தெரிந்தே செய்தேன் என்று தோன்றுகிறது. எனக்கே விளங்கவில்லை, அக்கா. விளங்கினால் உன்னிடம்தான் முதலில் சொல்வேன்.

தம்பி


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

போன மாதக் கடைசியில் எழுதியதற்கும் பதில் இல்லை, அதற்குப் பிறகு எழுதியதற்கும் இல்லை. ஓட்டுநரைப் பிடித்துக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்காங்க. லெட்டர வாங்கி கிரேன்ல வெச்சுட்டுப் போயிட்டாங்க. பிரிச்ச மாதிரி தெரியல" என்றார். நீ பிரித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

பெரிய பொறியாளரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தவறான எண் கொடுத்தவன் நான், தவறான படத்தில் கையெழுத்துப் போட்டவனும் நான், அங்கே இருப்பது என் கூடப் பிறந்தவள் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இத முதல்லயே சொல்லித் தொலையிறதுக்கு என்ன?" என்றார். பிறகு எழுத்து மூலம் விளக்கம் கேட்டு எனக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. அந்த இடத்தில் குடியிருக்கிறவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால் இன்னொரு முறை பார்ப்பார்கள். இரண்டு கூட்டமும் சந்தித்த வளைவு மேலேதான் இருக்கிறது என்று என் குறிப்பிலேயே இருக்கிறது. அதைக் காட்டினால் மறுக்க முடியாது. வட்டம் மேலே வந்துவிடும். என் வேலைக்கு என்ன ஆகும் என்று நீ யோசிக்காதே. இடமாற்றமோ வேறு ஏதோ, என்ன வந்தாலும் பார்த்துக்கொள்கிறேன்.

மனுவை நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டால் போதும். ஜூன் பத்துக்குள் வர வேண்டும்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

தம்பி


ஜூன் 4

தம்பிக்கு,

உன் மனுவை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை.

பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது உண்மை. உன்மேல் இருந்த கோபத்துக்கு ஒரு கையெழுத்து என்ன, ஒன்பது போட்டிருப்பேன். அன்றைக்குப் பார்த்து, பாறைக்கு வெடி வைக்க வேண்டும் என்று சாலையை ஒரு வாரம் மூடிவிட்டார்கள். மேலேயிருந்தும் வண்டி இல்லை, கீழேயிருந்தும் இல்லை. முதல் நாள் என்னவோ போல் இருந்தது. ஒரு வேலையும் ஓடவில்லை. எழுந்து எழுந்து வாசலுக்குப் போனேன். இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் தலை சாய்த்தேன். எழுந்தபோது மறுநாள் விடிந்திருந்தது. செத்துப்போய்விட்டேன் என்று டீக்கடைக்காரர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்.

அப்படித் தூங்கி இரண்டு வருடம் ஆகிறது, தம்பி. ஏன் தூங்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. எந்த லாரி இறங்கினாலும் கையில் இருப்பதை அப்படியே நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். பிரேக் பிடிக்கிறதா, யாராவது கூப்பிடுகிறார்களா என்று. ஸ்பேனர் கையில் இருந்தாலும் சரி, சோறு கையில் இருந்தாலும் சரி. அதைத்தான் நான் பட்டறை நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் மாமா பிரேக் சரி செய்த லாரியை ஓட்டிப் பார்க்கப் போனார் என்பது உனக்குத் தெரியும். போனவர் நம் வளைவிலேயே ஏற்றத்தில் நிறுத்தியிருக்கிறார். வண்டி பின்னால் நழுவியிருக்கிறது. காலை பிரேக்கிலிருந்து எடுக்க முடியாது, இறங்க முடியாது. "ஒரு கல்லு வை! சக்கரத்துக்குக் கல்லு வை!" என்று கத்தியிருக்கிறார். எதிரே டீக்கடைக்காரர் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் பட்டறைக்குள் கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் சில நாள் கழித்துத்தான் இதைச் சொன்னார். வேறு கிரேன் வர மாலை ஆகும் என்றார்கள். நானே இரும்புக் கயிற்றைப் போட்டு லாரியை மேலே இழுத்தேன். இழுக்கும்போது, கயிறு அறுந்து போகட்டும், மேலே வரவே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். வந்துவிட்டது.

இப்போது சொல், அந்த வளைவைக் காப்பாற்று என்று உன்னிடம் ஏன் கேட்டேன்? அவர் இருந்த இடம் என்பதாலா? இனியாவது ஒருவர் கூப்பிட்டால் கேட்க நான் அங்கே இருக்க வேண்டும் என்பதாலா? உனக்கு உன் கையெழுத்து விளங்கவில்லை. எனக்கு என் பிடிவாதம் விளங்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

சாலை மூடியிருந்தபோது உன் மொட்டைப் பாறைக்கு நடந்தே போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பாறை. பள்ளமே இல்லை. லாரி விழ வேண்டும் என்று நினைத்தாலும் அங்கே விழ முடியாது. கிரேனுக்கு வேலை குறையும். டயருக்கும் பிரேக்குக்கும் இருக்கிற வேலை எனக்குப் போதும். வாங்கின தகரம் வீண் போகாது, கொட்டகையை அங்கேயே போட்டுக்கொள்கிறேன். லாரி நிறுத்தத்தில் பட்டறைக்கு இடம் கேட்டு ஜீப்காரர்கள் மூலமாகவே எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் சிபாரிசு வேண்டாம். உன் சிபாரிசை ஒரு தடவை பார்த்தாகிவிட்டது.

விளக்கம் கேட்டிருக்கிறார்களே, அவர்களுக்கு எழுது: அந்த இடத்தில் குடியிருப்பவருக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. உன் நாற்காலி பிழைத்துக்கொள்ளும். நான் உன் ஊருக்கு வருகிறேன் என்று மட்டும் கனவு காணாதே. நாலு வளைவுதான் இறங்குகிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்றும் நினைத்துக்கொள்ளாதே. தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று இனிமேல் யோசிக்கவும் வேண்டாம், விளங்கினாலும் எனக்குச் சொல்ல வேண்டாம். சொன்னால் உன்னை ஒன்று கும்பிட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் உதைக்க வேண்டியிருக்கும். இரண்டையும் செய்ய எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிரேனைக் கீழே இறக்குகிறேன். வழியெல்லாம் வெடித்த கல்லும் மண்ணும் கிடக்கிறது. வண்டியை நானே ஓட்டிவிடுவேன், அதற்கு யாரும் வேண்டாம். நிறுத்துகிற இடத்திலெல்லாம் சக்கரத்துக்குக் கல் வைக்க ஓர் ஆள் வேண்டும். நீ வா. வண்டியை ஒட்டியே நட, நான் கூப்பிட்டால் உனக்குக் கேட்க வேண்டும்.

அக்கா